எருவிடாத உழவு அறமாகுமா?

நோன்பு வழுவாத நம் இல்லங்களில் உருளைக்கிழங்கும் காரட்டும் பூண்டும் முள்ளங்கியும் அடுப்பேறுவதில்லை. மண்ணுக்கடியில் விளையும் கந்தமூலங்களில் எண்ணிறந்த ஓரறிவுயிர்கள் ஓருடலைப் பற்றி வாழ்கின்றன என்பதும், கிழங்கைப் பிடுங்கும்போது செடி முழுவதுமே மாள்கிறது என்பதும் நாம் இளமையிலேயே கேட்டறிந்த காரணங்கள். கொடைக்கானல் மேல்மலையில் மிகுதியாக விளைவன இவைதாம். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், பூண்டி, கவுஞ்சி முதலிய சிற்றூர்களின் படிவயல்களில் ஆண்டு முழுதும் ஏதேனும் ஒரு கிழங்கோ பூண்டோ மண்ணுக்குள் இருந்துகொண்டே இருக்கிறது. ஆகவே, அம்மலையின் உழவுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வியாகவே தோன்றும். உண்ணாதவனுக்கு அதன் வினையில் பங்கில்லை அன்றோ?

அவ்வளவு எளிதில் இக்கேள்வியை முடித்துவிட இயலாது என்று நாம் கருதுகிறோம். விளைபொருள் எதுவாயினும், அதனை விளைவித்த மண்ணுக்கு நேர்வது என ஒன்று உண்டு. முட்டைக்கோசும் பீன்ஸும் பட்டாணியும் அதே சரிவில், அதே மண்ணில் விளைந்து ஒட்டன்சத்திரம் சந்தை வழியாக நம் இலைக்கு வந்து சேர்கின்றன. அன்றியும், மண் வளம் குன்றுவது என்பது மலையில் விரைவாகவும் சமவெளியில் மெல்லவும் நடக்கும் ஒரே செயல். வந்தவாசியிலும் செய்யாற்றிலும் திண்டிவனத்திலும் நிலம் உடைய நம் குடும்பங்கள், தம் வயலில் மெல்ல நிகழ்வதை மலையில் தெளிவாகக் காணலாம்.

பழனி மலைத்தொடர் நமக்கு அந்நியமான இடமும் அன்று. பழனிக்கு மேற்கே ஐவர்மலையில், பண்டைய திருவயிரையில், சக ஆண்டு 792இல், அதாவது கி.பி. 870இல், இரண்டாம் வரகுண பாண்டியன் காலத்தில், குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர் பார்சுவ படாரரையும் இயக்கியரையும் புதுப்பித்து 505 பொற்காணம் வைத்த செய்தி இன்றும் கல்லில் இருக்கிறது. அக்குன்றிலிருந்து தெற்கே நோக்கினால் எழுந்து நிற்கும் மலைகளைப் பற்றியே இங்குப் பேசுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். உழுதல் ஹிம்சையா? ஆம், ஹிம்சையே. மண்ணே பிருதிவிகாய உயிர்களின் உடல் என்பது நம் ஆகமம். அதற்குள் ஈரறிவுடைய மண்புழுவும் மூவறிவுடைய எறும்பும் வாழ்கின்றன. கொழு இறங்கும் இடத்தில் இவை மாள்வதை யாரும் மறுக்க முடியாது. ஆயினும் ஆதிபகவன் விருஷபதேவர் உலகுக்கு வகுத்தளித்த ஆறு தொழில்களுள் கிருஷியும் ஒன்று. இல்லறத்தான் விலக்க வேண்டியது, கொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்யும் ஹிம்சை. சமையலிலும் தொழிலிலும் தற்காப்பிலும் நேரும் ஹிம்சைகள் அவனால் முற்றும் விலக்க இயலாதவை, குறைத்துக்கொள்ளத் தக்கவை. வடநாட்டுச் சமணக் குடிகள் பலவும் உழவை விட்டு வாணிகத்தை மேற்கொண்டன. தமிழ்ச் சமணராகிய நாமோ தொன்றுதொட்டு ஏர் பிடித்த மக்கள். ஏரைப் பற்றி நாணியதும் இல்லை. எனவே உழலாமா கூடாதா என்பது நம் வினா அன்று. உழவில் நேரும் ஹிம்சையில் எது தவிர்க்க முடியாதது, எது வீண் என்று பிரித்தறிவதே வினா.

இதற்குரிய அளவுகோல் நம் கையிலேயே இருக்கிறது. சமந்தபத்திர சுவாமிகள் அருளிய இரத்தினகரண்ட சிராவகாசாரமும், அதன் வழிவந்த நம் அருங்கலச்செப்பும் இல்லறத்தார் ஒழுக்கத்தை விரித்துரைப்பன. முள்ளங்கி, பச்சை இஞ்சி போன்றவற்றை விலக்கச் சொல்லுமிடத்தில் சுவாமிகள் கூறும் காரணம் ஊன்றி நோக்கத்தக்கது: பயன் சிறிது, அழிவு பெரிது. இன்னோரிடத்தில், பயனில் செயல்களை விலக்கும் அனர்த்ததண்ட விரதத்தை விளக்குகையில், பயனின்றி மண்ணைக் கிளறுவதையும் நீரையும் தீயையும் காற்றையும் அலைப்பதையும் குற்றமாகச் சேர்க்கிறார். நாம் முதற்காரணத்தைக் காய்கறிக் கூடையோடு நிறுத்திக்கொண்டோம். இரண்டாவதைத் தோட்டத்துச் செடியைக் காரணமின்றிக் கிள்ளாதே என்று குழந்தைகளுக்குச் சொல்வதோடு நிறுத்திக்கொண்டோம். ஒரு வயல் முழுவதற்கும் இவ்விரண்டையும் பொருத்திப் பார்த்தால் என்ன தெரிகிறது?

கொடைக்கானலில் நிலம் சார்னோக்கைட் என்னும் பழம்பாறை சிதைந்து உண்டானது. ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர் மழை அம்மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக் கீழே கொண்டு போய்விடுகிறது. எஞ்சுவது புளிப்பு மண். அதிலுள்ள இரும்பும் அலுமினியமும், நாம் இடும் மணிச்சத்தைப் பற்றிக்கொண்டு பயிருக்கு விடாமல் பூட்டி வைக்கும். இத்தகைய மண்ணில் சோலைகளும் புல்வெளிகளும் செழித்திருந்ததற்குக் காரணம், குளிரில் மெல்ல மக்கிச் சேர்ந்த இலைக்குப்பையின் கருமண். விழுந்த இலை விழுந்த இடத்திலேயே மக்கிற்று. எடுத்தவர் எவரும் இல்லாததால் கணக்கு நேராயிற்று. அந்தக் கருமண்ணே மலை உழவனுக்குக் கிடைத்த முதல். பூண்டு அங்கே பழம்பயிர். உருளைக்கிழங்கோ 1845இல் அமெரிக்கப் பாதிரிமார் மலையில் குடியேறிய காலத்தை ஒட்டி வெள்ளையரால் பரவியது. எதுவாயினும், ஒவ்வோர் அறுவடையும் அம்முதலில் கைவைத்தது.

எவ்வளவு கைவைக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பது கடினமன்று. ஒரு டன் உருளைக்கிழங்கில் ஏறத்தாழ 3 கிலோ தழைச்சத்தும் 4 கிலோ பொட்டாசியமும் அடங்கியுள்ளன. ஏக்கருக்கு 8 டன் விளைந்தால், மூட்டைகளோடு மலையிறங்கிப் போவது சுமார் 25 கிலோ தழைச்சத்தும் 30 கிலோவுக்கு மேற்பட்ட பொட்டாசியமும். இவை மலைக்குத் திரும்புவதில்லை. உண்டவர் ஊரின் சாக்கடை வழியே கூவத்திலோ வைகையிலோ கலந்து கடலுக்குப் போகின்றன. முற்காலத்தில் உண்பவனும் உழுபவனும் ஒரே ஊரில் இருந்தனர்; எடுத்ததில் பெரும்பகுதி குப்பைக்குழி வழியாக வயலுக்கே திரும்பியது. இன்று அவ்விருவருக்கும் இடையே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர்.

ஒரு மூட்டை யூரியாவுக்குச் சற்று மேல் இட்டால் அந்த 25 கிலோ தழைச்சத்து திரும்பிவிடுமே என்று கேட்கலாம். எண்ணிக்கையில் திரும்பிவிடும். ஆனால் யூரியா மண்ணுள் மாற்றமடையும்போது புளிப்பை வளர்க்கும் இயல்புடையது. முன்பே புளித்த மலைமண்ணுக்கு அது எத்தகைய மருந்து என்பதை இமாசலப் பிரதேசத்தின் பாலம்பூரில் 1972 முதல் நடந்துவரும் நெடுங்காலச் சோதனை காட்டியது. அங்கும் மலைச்சாரல், அங்கும் புளிப்பு மண். மக்காச்சோளமும் கோதுமையும் மாறி மாறிப் பயிரிட்ட அவ்வயலில், யூரியா மட்டுமே பெற்ற பாத்திகளில் விளைச்சல் ஆண்டுக்காண்டு இறங்கி இறுதியில் ஒன்றுமில்லாமற் போயிற்று. மூவகைச் சத்துகளோடு தொழுவுரமோ சுண்ணாம்போ சேர்த்துப் பெற்ற பாத்திகளில் விளைச்சல் நிலைத்தது. பசியால் மெலிந்தவனுக்கு ஒரே பண்டத்தை மட்டும் ஊட்டிக்கொண்டிருந்தால் நேர்வதே மண்ணுக்கும் நேர்ந்தது. நம் நாட்டிலேயே கோயம்புத்தூரில் 1909இல் தொடங்கிய நிலையான எருச் சோதனை வயல் நூறாண்டைக் கடந்தது. இத்துறையில் அறிவுக்குப் பஞ்சமில்லை.

அப்படியிருக்க, உழவர் ஏன் யூரியாவை மட்டும் நாடினர்? 1992 ஆகஸ்டில் மத்திய அரசு மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக்கட்டுப்பாட்டை நீக்கியது. யூரியாவின் விலை மட்டும் கட்டுக்குள் நின்றது. 1991-92இல் நாட்டில் இட்ட தழை, மணி, சாம்பல் சத்துகளின் விகிதம் 5.9:2.4:1 என்றிருந்தது; அடுத்த ஓராண்டிலேயே 9.5:3.2:1 ஆகியது. விலை ஒன்று மாறிய உடனே கோடிக்கணக்கான கைகள் ஒரே திசையில் திரும்பின. 2010இல் வந்த சத்து அடிப்படையிலான மானியத் திட்டமும் யூரியாவைச் சேர்க்காமலேயே விட்டது. 2015இல் மண்வள அட்டை வந்தது. அட்டையில் உள்ளதை வாங்கக் கையில் காசு வேண்டும் என்பதை அட்டை சொல்வதில்லை.

மழையால் கரையும் மண்ணின் கதை இன்னும் நேரானது. ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு மேல்மண் கழுவப்பட்டால் இழப்பு ஏறத்தாழ 5 டன். அது விளைந்த கிழங்கின் எடையில் பாதிக்கு மேல்! கண்ணுக்கு அந்த ஒரு மில்லிமீட்டர் தெரியாது. ஓடைநீர் கலங்குவது மட்டும் தெரியும். மலைத்தோட்டங்களில் சிலர் சரிவின் போக்கிலேயே பார் பிடிப்பதைக் கண்டு, அறியாமை என்று கீழிருந்து போகும் நாம் முகம் சுளிப்போம். அது அறியாமை அன்று. குறுக்கே பார் பிடித்தால் நீர் தேங்கும். நீர் தேங்கினால் கிழங்கு அழுகும். அழுகினால் அந்தப் போகத்தின் கடன் தலைமேல் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீரை விரைந்து வடித்துவிட வேண்டும் என்ற கவலையே அந்தப் பாரின் திசையைத் தீர்மானிக்கிறது. சற்றே சாய்வு கொடுத்துக் குறுக்கே பார் பிடித்து, ஓரத்தில் புல்வரப்பு வைத்து, வடிகால் வெட்டினால் இரண்டையும் காக்கலாம். அதற்குக் கூலியாள் வேண்டும். புல்வரப்புக்கு இடமும் விட வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு சாகுபடிக் கைப்பற்றின் சராசரி அளவு, 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கருக்கும் குறைந்த நிலத்தில் ஒரு முழம் விட்டுக்கொடுப்பது சிறு காரியமில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அம்மலையைக் கடந்தபோது சரிந்த மண்ணைப் பார்த்தவர்கள், அந்த முழத்தின் மதிப்பை வேறு விதமாக எண்ணியிருக்கக்கூடும்.

இப்போது நம் அளவுகோலைப் பொருத்துவோம். கொழுமுனையில் மாண்ட புழு, விளைந்த உணவுக்காக மாண்டது. அதற்குத் தொழில் ஹிம்சை என்று பெயர். ஓடையில் போன 5 டன் மண் எவருக்காகப் போயிற்று? அதனுள் வாழ்ந்த உயிர்கள் எவர் பசியைத் தீர்க்க மாண்டன? எவர் பசியையும் இல்லை. பயனின்றி மண்ணைக் கிளறியதாகவே அது முடிகிறது. புளித்து மலடாகும் மண்ணுக்கும் அதுவே சொல்லத்தக்கது. பயன் ஒரு போகத்துக்கு, அழிவு பல தலைமுறைக்கு. உருளைக்கிழங்கை நம் இலையிலிருந்து விலக்கிய அதே நெறி, எருவிடாத உழவையும் அதே தராசில் நிறுத்துகிறது என்பது நம் துணிபு.

நூற்புழுவின் கதையையும் இங்குச் சொல்லாமல் போக முடியவில்லை. உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு நம் நாட்டில் முதன்முதலாக நீலகிரியில் 1961இல் கண்டறியப்பட்டது. பின்னர் கொடைக்கானல் மலையிலும் காணப்பட்டது. பெண்புழு இறந்தபின் அதன் உடலே கெட்டிக் கூடாகி, நூற்றுக்கணக்கான முட்டைகளை உள்ளடக்கி மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். உருளைக்கிழங்கின் வேர் கசியவிடும் ஒருவகைச் சாற்றின் வாடை பட்டாலன்றி அம்முட்டைகளில் பெரும்பாலானவை பொரிவதில்லை. ஒரே வயலில் போகந்தோறும் உருளையே போட்டவர், போகந்தோறும் அவற்றை அழைத்தவராகிறார். பிறகு குருணை மருந்து தூவ நேர்கிறது. கார்போஃபுரான் என்னும் அம்மருந்துக்கு நூற்புழு எது, மண்புழு எது என்ற வேறுபாடு தெரியாது. இடையே சில ஆண்டுகள் முட்டைக்கோசும் பீன்ஸும் பூண்டும் மாற்றிப் போட்டால், அழைப்பே இல்லாததால் புழு பெருகுவதில்லை. 1985இல் வெளியான குஃப்ரி ஸ்வர்ணா போன்ற எதிர்ப்பு இரகங்களும் வந்தன. ஹிம்சையைக் குறைத்தல் என்றால் என்ன என்று இளைஞருக்கு விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்குக் கிட்டவில்லை. மருந்து கொன்று தீர்க்கப் பார்க்கிறது; பயிர்ச்சுழற்சியோ கொல்ல வேண்டிய நிலையையே வரவிடாமல் தடுக்கிறது.

ஆனால் சுழற்சிக்கும் எருவுக்கும் பொறுமை வேண்டும், பொறுமைக்குக் கையிருப்பு வேண்டும். கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பக்கங்களில் காப்பியும் மிளகும் மலைவாழையும் நிழல் மரங்களின் கீழ் வளர்கின்றன. கல்யாண முருங்கையைக் கவாத்து செய்து தழையை அடியிலேயே போடுகிறார்கள். அம்மரத்தின் வேர் காற்றிலுள்ள தழைச்சத்தையும் மண்ணில் சேர்க்கிறது. சோலையின் கணக்கு ஓரளவு அங்கே தொடர்கிறது. ஆனால் காப்பிச் செடி காய்க்க மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அங்கும் துன்பம் இல்லாமலில்லை. முடிக்கொத்து நோய் மலைவாழையைப் பெருமளவில் அழித்தது. மேல்மலையில் காரட் சுமார் மூன்றே மாதத்தில் பணமாகிறது. விதைக்கும் உரத்துக்கும் மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கியவன், மூன்று மாதப் பயிரை விட்டு மூன்றாண்டுப் பயிருக்கு எப்படிப் போவான்? ஏக்கருக்கு 5, 6 டன் தொழுவுரம் வேண்டும் என்று பரிந்துரை சொல்கிறது. ஒரு மாடு நாளுக்குச் சுமார் 10 கிலோ சாணம் இடும். அது மக்கி உலர்ந்தால் ஆண்டுக்கு இரண்டு டன்கூட நிற்காது. ஓர் ஏக்கருக்கு மூன்று மாடு. மேய்ச்சல் நிலமாக இருந்த புல்வெளிகளில் சென்ற நூற்றாண்டில் சீகை மரமும் தைலமரமும் பைனும் நடப்பட்டுவிட்டன. மாட்டை எங்கே கட்டுவது? சமவெளியிலிருந்து எரு லாரியில் ஏற வேண்டும், வாடகையோடு.

2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நாம் உண்ணாத பொருளாயினும், அதை விளைவிக்கும் குடிகளுக்குக் கிடைத்த சிறப்பில் மகிழ்வோம். அந்தச் சிறப்பைத் தந்த மண்ணுக்கு மட்டும் சந்தையில் பங்கு வைப்பார் இல்லை.

ஜெர்மானிய வேதியியலறிஞர் லீபிக், பயிர் எடுத்துச் செல்லும் தாதுச்சத்துகளைப் பற்றி 1840இல் நூல் எழுதியவர், பிற்காலத்தில் திருப்பித் தராத வேளாண்மையைக் கொள்ளை என்றே பெயரிட்டு அழைத்தார். அஸ்தேய விரதத்தைக் கேட்டு வளர்ந்த நமக்கு அச்சொல் புதிதன்று. கொடாததை எடுப்பது களவு. மண் கொடுக்கிறது, ஆனால் எவ்வளவு கொடுக்கிறது? ஆண்டுதோறும் பாறை சிதைந்தும் இலை மக்கியும் புதிதாகச் சேர்வதே கொடை எனலாம். அதற்குமேல் எடுப்பது, பின்வரும் மக்களின் பங்கை அவர் கேளாமல் எடுப்பது. 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து, நம் உழவர்களிடம் கற்றுக் கம்போஸ்ட் முறையை வகுத்த ஆல்பர்ட் ஹாவர்டு இதனைத் திருப்பித் தரும் விதி என்றார். அயல்நாட்டார் இருவரும் ஆகமம் படித்தவர் அல்லர். மண்ணைக் கூர்ந்து நோக்கினர், அவ்வளவே.

களவு என்றால் கள்வன் யார்? இங்கேதான் நம் அறம் பிற அறங்களைவிட நுட்பமாகப் பேசுகிறது. வினை மூவகையில் பற்றும்: தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்ததற்கு உடன்படல். மண்வெட்டி பிடித்தவன் செய்தவன், உண்மை. ஆனால் அவனை மூன்று மாதப் பயிருக்குத் தள்ளிய கடன் ஒருவருடையது. யூரியாவை மட்டும் மலிவாக்கிய விலை ஒருவருடையது. எருவிட்டு விளைந்த முட்டைக்கோசுக்கும் விடாமல் விளைந்ததற்கும் ஒரே விலை கேட்கும் வாய் ஒருவருடையது. அந்த வாய்களில் நம் வாயும் உண்டு. செய்தவனை மட்டும் பிடித்து அறிவுரை கூறும் கட்டுரைகள் நமக்கு அலுத்துவிட்டன. மண்ணை வறியதாக்கும் வறியவனுக்கு அஹிம்சை கற்பிக்குமுன், அவன் கையில் என்ன தெரிவு இருந்தது என்று கேட்பது நேர்மை.

இனி நம் ஊர்களுக்கு வருவோம். ஆரணி, வந்தவாசி, செஞ்சி வட்டங்களில் நிலமுடைய நம் குடும்பங்களில் பலர் இன்று சென்னையிலும் காஞ்சியிலும் வேலூரிலும் வாழ்கின்றனர். நிலம் குத்தகையில் இருக்கிறது. நிலத்துக்குரியவன் சென்று பாராவிடில் அது மனைவியைப் போல ஊடிவிடும் என்னும் பொருளில் திருக்குறள் உழவு அதிகாரத்தில் ஒரு குறள் உண்டு; உழுவதைவிட எருவிடுதல் நன்று என்பதும் அவ்வதிகாரமே. குத்தகை பெரும்பாலும் வாய்மொழி, பெரும்பாலும் ஓராண்டு. இதற்குக் காரணமும் மறைவானதன்று. 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் உழுபவனைக் காக்க வந்தவை. அவற்றுக்கு அஞ்சிய நில உடைமையாளர், எழுத்தில் வைத்தால் நிலம் போய்விடும் என்று எழுதாமலும், நெடுங்காலம் விட்டால் உரிமை பிறந்துவிடும் என்று ஆண்டுதோறும் ஆளை மாற்றியும் வருகின்றனர். அச்சம் பொய்யென்று நாம் சொல்லவில்லை. அதன் விளைவு யாதென்று பார்க்கச் சொல்கிறோம்.

தொழுவுரத்தின் பயன் இட்ட ஆண்டோடு முடிவதில்லை. அதன் தழைச்சத்தில் ஒரு பகுதியே முதற்பயிருக்குக் கிட்டும். எஞ்சியது பின்வரும் ஆண்டுகளில் மெல்ல வெளிப்படும். ஏரி வண்டல் அடித்தாலும் அப்படியே. 2017இல் தமிழக அரசு ஏரி வண்டலை உழவர் இலவசமாக எடுக்க இசைந்தபோதும், வண்டி வாடகை எடுப்பவனுடையதே. அடுத்த ஆடியில் இவ்வயல் தன்னுடையதா என்று அறியாதவன் எதற்காக வண்டல் அடிப்பான்? யூரியா இடுவான், அதன் பயன் இப்போகத்திலேயே தீர்ந்துவிடும், அவன் குத்தகையைப் போல. அவ்வயல் மணிலாக்கொட்டை ஏக்கருக்கு இரண்டு மூட்டை குறைந்தது என்று நாம் வருந்தும்போது, செய்வித்தவர் பட்டியலில் நம் பெயரும் இருக்கிறது. கொடைக்கானல் சரிவில் கடன் செய்த வேலையை நம் ஊரில் ஓராண்டுக் குத்தகை செய்கிறது.

எருவில் நமக்கென்றே உள்ள ஓர் ஐயத்தையும் விட்டுவிடலாகாது. புளிப்பு மண்ணுக்கு எலும்புத்தூள் நன்று என்பர், மீன்தூளும் விற்கிறார்கள். நாம் தொடத் தயங்குவது இயல்பே. ஆனால் அதே புளிப்பு மண்ணில் பாறை மணிச்சத்தும் மெல்லக் கரைந்து பயன் தரும். சூப்பர் பாஸ்பேட்டைவிட விலையும் குறைவு. மண்புழு உரத் தொட்டியில் புழுக்கள் காய்ந்து மடியாமல் ஈரமும் நிழலும் காப்பது நம் பொறுப்பு. அது இயலாதெனில் சாதாரணக் குப்பைக்குழியே போதும். ஐயத்தைக் காரணமாக்கி ஒன்றுமே இடாமல் விடுவதே இவற்றுள் பெரிய ஹிம்சை.

குத்தகைச் சிக்கலுக்கு வழியே இல்லை என்பதும் சரியன்று. இங்கிலாந்தில் இதே வழக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்குமுன் எழுந்தது. வெளியேறும் குத்தகைதாரன் இட்ட எருவின் பயன் இன்னும் நிலத்தில் எஞ்சியிருக்கிறதே, அதற்கு ஈடு யார் தருவது என்றனர். நிலவுடைமையாளர் தர வேண்டும் என்று 1875இல் ஒரு சட்டம் இயற்றினர். உடன்படிக்கையால் அதைத் தவிர்க்க இடமிருந்தது, பலர் தவிர்த்தனர். 1883இல் அந்த வாயிலை அடைத்தனர். எருவிட்டவன் கணக்கு வைத்தான், வெளியேறும்போது எஞ்சிய மதிப்பைப் பெற்றான், அடுத்து வந்தவன் வளமான நிலத்தில் இறங்கினான்.

நம் ஊரில் அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எரு, வண்டல் இவற்றின் செலவில் பாதியை உடையவர் ஏற்பது; ஆள் மாறினால் சென்ற ஆண்டு இட்ட எருவுக்கு ஒரு பங்கைப் பழையவருக்குக் கொடுத்துவிடுவது; இட்ட வண்டியை இரு தரப்பாரும் ஒரு நோட்டில் குறித்து வைப்பது. இதில் உரிமை பிறக்கும் என்ற அச்சத்துக்கு இடமில்லை. ஆடிக்கு முன் குத்தகை பேச ஊருக்குப் போகும் குடும்பங்கள், நெல் எத்தனை மூட்டை என்று பேசும் இடத்திலேயே எரு எத்தனை வண்டி என்பதையும் பேசிவிடலாம்.